முதலில் கிணறு, பிறகு கடல்: பிள்ளைகள் கையில் தண்ணீர் கேமரா கொடுக்கும் முன்

தர்மபுரியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, ஏரி, ஒகேனக்கல், அவ்வளவுதான். அதனால்தான் அந்தமான் பயணத்துக்கு டிக்கெட் போட்டதும் என் பதினொரு வயது மகளும் எட்டு வயது மகனும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக்குள்ள மீனை நாங்களே போட்டோ எடுக்கலாமாம்மா?" என்பதாக இருந்தது.

எடுக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கேமரா இருக்கும் பிள்ளை பயத்தை மறந்துவிடும். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே அழுத பிள்ளைகூட, ஒரு மீனைப் படம் பிடித்துக் காட்டவேண்டும் என்று வந்துவிட்டால் பத்து நிமிடம் அசையாமல் மிதக்கும். ஆனால் அதே கேமரா ஆபத்தையும் மறக்கடித்துவிடும். மீன் போன பக்கமே போகும், கரை எங்கே, அம்மா எங்கே என்று திரும்பிப் பார்க்காது. அதனால் நீச்சல் முதலில், மாஸ்க் அடுத்தது, கேமரா கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூன்றையும் கடலுக்குப் போய்ப் பழகலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஊரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது.

எப்போது கிளம்புவது

பள்ளி விடுமுறையை வைத்துத்தானே நாம் பயணம் போடுகிறோம். காலாண்டு விடுமுறை வேண்டாம், செப்டம்பரில் அந்தமானில் மழைக்காலம் முடிந்திருக்காது, கடல் கலங்கிக் கிடக்கும். அரையாண்டு விடுமுறை நல்லது. முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிந்துவிட்டால் உடனே கிளம்புவதும் நல்லது. மே கடைசியில் மழை தொடங்கிவிடும்.

நாங்கள் பெங்களூரு வழியாகப் போனோம். சென்னையிலிருந்தும் விமானம் உண்டு. போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. அதற்கும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். டிக்கெட் போடும்போது இரண்டு பெயரும் மாறி மாறி வரும், குழம்ப வேண்டாம். அந்தத் தீவின் எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் கூட்டிப்போய் ஸ்நார்கெலிங் காட்டுவார்கள். ஸ்நார்கெலிங் என்பது ஆழத்துக்கு மூழ்குவது அல்ல. கண்ணாடி மாஸ்க்கும் வாயில் ஒரு குழாயுமாக முகம் கவிழ்ந்து மேலேயே மிதந்து, கீழே இருப்பதைப் பார்ப்பது. கைடுகளில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. பிள்ளைகளுக்கு அது பெரிய தைரியம்.

கேமரா பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கையில் எடுத்துப்போகும் பையில் வையுங்கள். சரக்கோடு அனுப்பும் பெட்டியில் பவர் பேங்க் இருந்தால் விமான நிலையத்தில் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

கிணற்றுப் பாடம்

நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கேமரா கிடையாது. லைஃப் ஜாக்கெட் போடத்தானே போகிறோம் என்பது பதில் ஆகாது. ஜாக்கெட் மிதக்க வைக்கும், பதற்றத்தை அடக்காது. அலை ஒன்று முகத்தில் அடித்து மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும்போது கை கால் தானாக வேலை செய்ய வேண்டும்.

எங்கள் அம்மா வீட்டுத் தென்னந்தோப்பில் படி வைத்த கிணறு இருக்கிறது. நானும் என் தம்பியும் அங்கேதான் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டி நீச்சல் பழகினோம். பிள்ளைகளுக்கும் அவனே சொல்லிக்கொடுத்தான். கேன் இல்லாமல் கிணற்றை மூன்று சுற்று வருவது, மல்லாந்து இரண்டு நிமிடம் சும்மா மிதப்பது. இந்த இரண்டும் வந்தபிறகுதான் மாஸ்க்கை எடுத்தோம். தோட்டத்துக் கிணறு இல்லாதவர்கள் நீச்சல் குளத்துக்குப் போங்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதால் கேமரா பழக அதுவே இன்னும் வசதி. எங்கே பழகினாலும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், படியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டு அல்ல.

பழகக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல் ஆற்றில் வேண்டாம், பாறைகளுக்கு இடையில் இழுப்பும் சுழலும் உண்டு. கிருஷ்ணகிரி அணையில் வேண்டாம். கல் குவாரியில் தேங்கிய குட்டைகள் அறவே வேண்டாம். பார்க்கத் தெளிவாக நீலமாக இருக்கும், ஆனால் கரையே இல்லாமல் செங்குத்தாக இறங்கும், ஏறிவர பிடிமானம் இருக்காது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்தக் குட்டைகள் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கின்றன என்பது செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, தம் பிடிக்கும் போட்டி. கிணற்றில் நாம் எல்லோரும் விளையாடியதுதான், அதற்காகப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடலாம். தண்ணீருக்குள் அது சத்தமே இல்லாமல் நடக்கும்.

மாஸ்க்கும் குழாயும்

பிள்ளைகளுக்கென்று சொந்த மாஸ்க் வாங்குங்கள். வாடகை மாஸ்க் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அந்தமானுக்கு முன்பு ஒருமுறை வேறொரு கடற்கரையில் முயன்றோம். என் மகனுக்குப் பெரியவர்களின் மாஸ்க்கை மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே தண்ணீர். கண் எரிந்து, அழுது, அன்றைக்குக் கடலே வேண்டாம் என்று கரையேறிவிட்டான். அந்தப் பயத்தை எடுக்க இரண்டு மாதம் ஆனது.

கடையிலேயே சோதிக்கலாம். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் முகத்திலேயே ஒட்டி நின்றால் அளவு சரி. நெற்றியில் விழும் முடி ஒன்று இடையில் மாட்டினாலும் தண்ணீர் கசியும். பெண் பிள்ளைகளுக்கு முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள். குழாயும் சிறுவர் அளவாகவே இருக்கட்டும். பெரியவர்களின் நீளமான குழாயில் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே போகும், பிள்ளைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இப்போது கடைகளில் நிறைய வருகிறது. பிள்ளைகளுக்கு அதை நான் வாங்க மாட்டேன். மூச்சுக் காற்று சரியாக வெளியேறாவிட்டால் ஆபத்து, அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும், அதனால்தான் பனிமூட்டம் போல மங்கும். வெள்ளைப் பற்பசையால் உள்பக்கம் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும்.

வாயால் மட்டும் மூச்சு விடுவது சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபமாக வராது. எங்கள் வீட்டில் ஒரு வாரம், சாயங்காலம் டிவி பார்க்கும்போது இருவரும் மாஸ்க்கையும் குழாயையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் அப்படியே. அதன்பிறகு கிணற்றில் இறங்கியபோது மூச்சைப் பற்றிய நினைப்பே இல்லை. குழாயில் தண்ணீர் புகுந்தால் "தூ" என்று பலமாக ஊதி வெளியேற்றுவதை மட்டும் தம்பி தினமும் பத்து தடவை செய்ய வைத்தான்.

எந்தக் கேமரா

செல்போனை பிளாஸ்டிக் பவுச்சில் போட்டு எடுக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்போம். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, விரல் எது தண்ணீர் எது என்று அதற்குத் தெரியாது. சத்தம் கூட்டும் பொத்தானை வைத்துப் படம் எடுக்கலாம் என்றாலும் பவுச்சுக்கு வெளியிலிருந்து அதை அழுத்த பிள்ளையின் விரலுக்குப் பலம் போதாது. போனின் அட்டைப்பெட்டியில் தண்ணீர் தாங்கும் என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று போட்டிருப்பது அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனையின் கணக்கு, உப்புக் கடலுக்கு அது பொருந்தாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

மீதி இரண்டு வகை. ஒன்று, கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா. கோப்ரோவின் புதிய மாடல்களில் பலவும் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். சிறியது, அகலமாகப் பிடிக்கும், வீடியோவுக்கு நல்லது. இன்னொன்று, தண்ணீர் புகாத சின்ன டிஜிட்டல் கேமரா. டஃப் வரிசையில் ஒலிம்பஸ் டிஜி-6, பிறகு ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 இரண்டும் 15 மீட்டர் தாங்கும். பொத்தான் பெரிது, நெருங்கி எடுக்க வசதி, ஆனால் விலை கூட. மேலேயே மிதக்கும் பிள்ளைக்கு இந்த ஆழமெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் அந்த எண்கள் பெரிதாக இருப்பது நல்லது, தண்ணீரில் குதிக்கும்போது கேமராவின் பேட்டரிக் கதவு ஓரத்தில் அழுத்தம் சட்டென்று ஏறும். உறவில் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். ஒரு பயணத்துக்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஒரே கேமராவை இரண்டு பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுப்பதில் சண்டை வரும்தான். ஆனால் ஒருவர் எடுக்கும்போது மற்றவர் அவரைக் கவனிப்பார், நாங்கள் அதை ஏற்பாடாகவே வைத்துக்கொண்டோம்.

பட்டை கையில் மாட்டுவதாக இருக்க வேண்டும். கழுத்தில் மாட்டும் பட்டை வேண்டவே வேண்டாம், பவளத்திலோ படகின் கயிற்றிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் மிதக்கும் கைப்பட்டை விற்கிறார்கள். வாங்கியதும் வாளித் தண்ணீரில் கேமராவோடு போட்டுப் பாருங்கள், சிலது கேமராவின் கனத்துக்குத் தாங்காமல் முழுகும்.

பட்டை வாங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. கேமரா வாங்கிய கடையில் நான் என் மகன் காதுபட, "பத்திரம்டா, அப்பாவோட ஒரு மாசச் சம்பளத்துல பாதி இது" என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் கிணற்றில் அவன் கையிலிருந்து அது நழுவியது. அன்றைக்குப் பட்டை மாட்டியிருக்கவில்லை. தம்பி எட்டிப் பிடிப்பதற்குள் அவன் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுத் தலைகீழாக மூழ்கினான். தம்பி காலைப் பிடித்து மேலே இழுத்தபோது, இருமலுக்கு நடுவில் அவன் கேட்டது, "அம்மா திட்டுமா மாமா?" என்று. அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. கேமராவை அப்புறம் பாதாளக் கொலுசு போட்டு எடுத்தோம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் எங்களிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள்: "கேமரா போனா போவுது, நான் மேல வரணும்." நீங்களும் விலையைப் பிள்ளை முன்னால் பேசாதீர்கள். இந்த வாக்கியத்தை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

வாளியும் டம்ளரும்

கேமராவை முதலில் பிள்ளை இல்லாமல் தண்ணீரில் விடுங்கள். பேட்டரிக் கதவைத் திறந்தால் ஓரமாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் அதன்மேல் கிடந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பஞ்சுநூல் விடாத துணியால் துடைத்து, கதவை 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள். கதவைத் திறந்து மூடுவது பெரியவர்களின் வேலை, அதுவும் காலையில் அறைக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். மணலில் உட்கார்ந்து திறக்கவே கூடாது. தனி உறைக்குள் போடும் கேமராவாக இருந்தால், ஏசி அறையில் வைத்து மூடி, ஈரத்தை உறிஞ்சும் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். கடற்கரையின் ஈரக் காற்றோடு மூடினால் தண்ணீரின் குளிர்ச்சியில் உள்ளே ஆவி படியும்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்துத் திறந்து பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

முதல் பயிற்சி சிமெண்ட் தொட்டியில். ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தொட்டிக்குள் போட்டு, மாஸ்க்கோடு முகத்தை வைத்துப் பார்த்தபடி அதைத் தொடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கை டம்ளருக்கு முன்பே நின்றுவிடும். தண்ணீருக்குள் பொருள் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கேமராவுக்கும் அப்படித்தான். 'பக்கத்தில் வந்துவிட்டேன்' என்று பிள்ளை நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் நெருங்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. டம்ளர் புரியவைத்துவிடும்.

கிணற்றுத் தண்ணீர் எங்களுக்கு இன்னொரு பாடமும் சொன்னது. பாசி படர்ந்த பச்சைத் தண்ணீர் அது. மகள் ஃபிளாஷ் போட்டு எடுத்த முதல் படத்தில் அவள் தம்பியின் முகத்துக்கு முன்னால் பனிக்கட்டி மழை பெய்வதுபோல் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். தண்ணீரில் மிதக்கும் தூசு ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வருவது. ஃபிளாஷை நிறுத்திவிட்டு அதே இடத்தில் எடுத்தாள், முகம் தெளிவாக வந்தது. கடலிலும் இதே விதி. ஃபிளாஷை அணைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

அதே கிணற்றில் அவள் எடுத்த இன்னொரு படத்தை இன்றைக்கும் ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறோம். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தண்ணீருக்குள் போய், அண்ணாந்து பிடித்து எடுத்தது. கிணற்று விளிம்பு, தொங்கும் தென்னங்கீற்று, எட்டிப் பார்க்கும் என் முகம், வானம் எல்லாம் ஒரு வெளிச்ச வட்டத்துக்குள் வளைந்து அடங்கியிருக்கிறது. வட்டத்துக்கு வெளியே இருட்டுப் பச்சை. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி விரிவுள்ள ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். அதைத் தாண்டினால் தண்ணீரின் மேற்பரப்பே கண்ணாடிபோல அடியில் இருப்பதைத் திருப்பிக் காட்டும். ஒளி வளைவதால் வரும் இந்த வேடிக்கையைப் பாடப் புத்தகத்தில் படமாகத்தான் போட்டிருப்பார்கள். அவள் அதைத் தானே எடுத்தாள்.

கேமராவில் செய்துவைக்க வேண்டியவை கொஞ்சம்தான். 'அண்டர்வாட்டர்' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். ஒரே அழுத்தலில் வரிசையாகப் பல படம் எடுக்கும் வசதியைப் போடுங்கள், ஏனென்றால் பிள்ளை பொத்தானை அழுத்தி முடிப்பதற்குள் மீன் திரும்பியிருக்கும். ஆக்‌ஷன் கேமராவாக இருந்தால் தொடுதிரையைப் பூட்டிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு பொத்தான்.

கடலில் இறங்கும் நாள்

வெயில் உச்சிக்கு ஏறும் நேரம்தான் படத்துக்கு நல்ல நேரம். தரையில் எடுப்பதற்கு நேர் எதிர். சூரியன் சாய்ந்திருந்தால் வெளிச்சம் தண்ணீரின் மேலேயே பட்டுத் தெறித்துவிடும். அந்தமானில் டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டும் என்பதால் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அந்த வெயில் முதுகைப் பொசுக்கும். சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது நல்லது. ஆக்ஸிபென்ஸோன் கலந்த கிரீம்கள் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் மாநிலத்தில் 2021 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை. சளி பிடித்திருந்தாலோ காது வலித்தாலோ அன்றைக்குப் பிள்ளை கரையில் இருக்கட்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். அந்தப் பெரியவர் கையில் கேமரா இருக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளை போட்டோ எடுப்பதை நாம் போட்டோ எடுக்க ஆசைப்படுவோம், அந்த அரை நிமிடம் போதும். கைடு இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப்போவார், அவர் கண் நான்கு பேர் மேல் இருக்கும். படகுக் கட்டணத்தோடு சேர்ந்து வரும் சுற்று பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிள்ளைகள் படம் எடுக்கப் போகிறார்கள், நிதானமாக நேரம் வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். முதலை, சொறி மீன், இழுப்பு எதுவாக இருந்தாலும் உயிர்காப்பாளர் எங்கே வேண்டாம் என்கிறாரோ அங்கே இறங்காதீர்கள், அந்தமான் கடலோரத்தில் உப்புநீர் முதலைகள் உண்டு.

முதல் இருபது நிமிடம் கேமரா படகிலேயே இருக்கட்டும். பிள்ளை சும்மா பார்க்கட்டும். கண் நிறையப் பார்த்து, மூச்சு சீராகி, தானாக "கேமரா குடும்மா" என்று கேட்கும்போது கொடுங்கள்.

அதன்பிறகு அரை மணி நேரம் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். உதடு நீலம் பாய்ந்தாலோ பல் தந்தியடித்தாலோ "இன்னும் ஒரே ஒரு மீன்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் கரையேற்றிவிடுங்கள்.

மீனை எடுப்பது எப்படி

மேலே மிதக்கும் பிள்ளை எடுக்கும் முதல் ஐம்பது படமும் மீனின் முதுகாகத்தான் இருக்கும். என் மகனின் முதல் நாள் படங்களில் மீன் என்று சொல்லத்தக்கது ஒரு பச்சை வால் மட்டும். கிளி மீனின் வால். "ஓடிப்போச்சும்மா" என்று முகம் வாடிவிட்டது. அன்று இரவு அறையில் உட்கார்ந்து, என்ன மாற்றலாம் என்று இருவரோடும் பேசினேன். மறுநாள் செய்தவை இவை.

கையை நீட்டிக் கேமராவை உடம்புக்குக் கீழே இறக்கிப் பிடிப்பது. தலை மேலேயே இருக்கட்டும், கேமரா மட்டும் ஒரு கை ஆழத்தில், லென்ஸ் முன்னோக்கி, கொஞ்சம் மேல் நோக்கி. மீன் பக்கவாட்டில் வரும், பின்னணியில் பாறைக்குப் பதில் நீலம் வரும். திரை கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்லை. திரையைப் பார்க்காதே, மீனின் கண்ணைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

துரத்தாமல் இருப்பது. தண்ணீரில் மீனை எந்தப் பிள்ளையும் முந்த முடியாது. ஓரிடத்தில் மிதந்து, மனதுக்குள் இருபது எண்ணினால் மீன்கள் தாமே திரும்பி வரும். முதலில் வீட்டை விட்டுப் போகாதவர்களை எடுக்கச் சொல்லுங்கள். பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிருக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் வெளியே வரும், உள்ளே போகும், அங்கேயே இருக்கும். பாறையில் பதிந்த பெரிய சிப்பியின் நீல உதடு எங்கேயும் ஓடாது. ஆனால் அதன்மேல் நிழல் விழுந்தால் மூடிக்கொள்ளும், வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிள்ளை தானே இடம் மாறக் கற்றுக்கொள்ளும்.

நெருங்கி எடுப்பது. தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் போய், எல்லாம் நீலமும் சாம்பலுமாகும். ஆழம் மட்டும் கணக்கில்லை. மேலிருந்து மீன்வரை வரும் தூரமும், மீனிலிருந்து கேமராவரை வரும் தூரமும் சேர்ந்துதான் கணக்கு. அதனால் ஒரு கை தூரத்தில் இருக்கும் மீன் நிறத்தோடு வரும், நான்கடி தள்ளி இருப்பது மங்கலாக வரும். ஜூம் போட்டால் இன்னும் மோசம், இடையில் உள்ள தண்ணீர் குறையாது.

நெருங்கலாம் என்றால் தொடலாம் என்று அர்த்தம் இல்லை. பவளம் கல் அல்ல, உயிர். உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பிள்ளை ஒரு தடவை காலூன்றி நின்றால் பத்து இருபது வருட வளர்ச்சி உடைந்துபோகும். துடுப்புக் காலணி போட்ட கால் எங்கே உதைக்கிறது என்று பின்னாலிருந்து பார்ப்பதும் அந்தப் பெரியவரின் வேலை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்களுக்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பு உண்டு. கரையில் செத்துக் கிடக்கும் துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். என் மகளிடம், "உனக்கு வேணுங்கிறதைப் போட்டோவா எடுத்துட்டு வா, அதை யாரும் பிடுங்க மாட்டாங்க" என்றேன். பிடித்த சங்கையும் பவளத்தையும் எல்லாம் அப்படித்தான் கொண்டுவந்தாள்.

சில இடங்களில் பவளம் சாம்பலாக, உடைந்து கிடக்கும். 2010-ல் கடல் சூடேறியபோது அந்தமானில் ஏராளமான பவளங்கள் வெளுத்துப்போயின. பிள்ளைகள் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். அதையும் எடுக்கட்டும்.

விஷமுள்ளவற்றுக்கு ஒரே விதியாகச் சொல்லிக்கொடுத்தோம்: அழகாக இருந்து, நம்மைக் கண்டு ஓடாமல் மெதுவாக நகர்கிறதா, கிட்டே போகாதே. சிங்க மீன் அப்படித்தான், அதன் துடுப்பு முள் கொட்டினால் தாங்க முடியாத வலி. கடல் முள்ளெலியின் கறுப்பு முட்கள் தோலில் முறிந்து தங்கிவிடும். கல் மீன் பாறையைப் போலவே கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் கால் எங்கேயும் ஊன்றக் கூடாது.

மீன் மட்டுமே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. மணலில் விழும் தன் நிழல், அப்பாவின் கால், வாயிலிருந்து கிளம்பும் குமிழி, படகின் அடிவயிறு. மீன் வராத நேரத்தில் பிள்ளைகள் சோர்ந்துபோகாமல் இருக்க இப்படி ஒரு பட்டியலை முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

கரையேறிய பிறகு

கேமராவைக் காயவிடக் கூடாது. உப்பு காய்ந்து படிந்தால் பொத்தான் இடுக்கில் மணிமணியாக இறுகி, அடுத்த முறை ரப்பர் வளையத்தைக் கிழிக்கும். நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்றைப் படகிலேயே வைத்துக்கொண்டு உடனே அலசுங்கள். அறைக்கு வந்ததும் வாளி நல்ல தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பொத்தானையும் ஐந்தாறு தடவை அழுத்துங்கள். நன்றாகத் துடைத்து, ஈரம் போனபிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். வெயிலில் வைக்க வேண்டாம். மாஸ்க்குக்கும் இதே குளியல்.

படங்களை அன்றன்றைக்கே பார்த்துவிடுங்கள், ஆனால் நீங்கள் அழிக்காதீர்கள். பிள்ளையே பத்து படம் தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் மகன் வைத்துக்கொண்டது பாதியும் மங்கல். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அது போதும். நீலம் பாய்ந்த படங்களை ஸ்னாப்சீடு போன்ற செயலியில் ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமநிலையைச் சூடான பக்கம், அதாவது மஞ்சள் பக்கம் நகர்த்தினால் ஓரளவு சிவப்பு திரும்பும். நீச்சல் உடையில் பிள்ளைகள் இருக்கும் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பத்து படத்தையும் ஊரில் ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைக் கடைசியாக ஒரு தடவை ஊறவைக்கும்போது போர் தண்ணீரில் போடாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீர் குடத்திலேயே வெள்ளை வெள்ளையாகப் படியும், பொத்தானை விட்டுவைக்குமா. கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, கதவை இறுக்காமல் லேசாகத் திறந்தபடி, சிலிக்கா ஜெல்லோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு எடுக்கும்போது ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் வாளியில் அரை மணி நேரம்.